கமக்காரர் வீட்டுச் சிறுதொழிலும் உள்ளூர்க் கடனும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் நெற்செய்கை பெரும்பாலும் கட்டுக்கரைக்குளத்தை நம்பியது. அருவியாற்று நீர் தேக்கம் அணையிலிருந்து கால்வாய் வழியாக இக்குளத்தை அடைந்து, நானாட்டான், முருங்கன், மாந்தைப் பகுதிகளிலுள்ள சிறு குளங்கட்குப் பிரிகின்றது. ஐப்பசி மழையை எதிர்பார்த்து விதைக்கப்படும் காலபோக நெல் மாசி, பங்குனியில் வீடு சேரும். சிறுபோகமோ குளத்தில் மிஞ்சும் நீரின் அளவுக்கே செய்யப்படும். ஆகவே கமக்காரர் கையிற் பெருந்தொகை வருவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை. செலவு வருவதோ பன்னிரண்டு மாதமும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கே வீட்டில் நெல் அவித்துக் குற்றி விற்றல், கிணற்றடித் தோட்டம், கோழி வளர்ப்பு, பனங்கட்டி, ஒடியல், பனையோலைப் பெட்டி முதலிய சிறுதொழில்கள் பயன்படுகின்றன. இவற்றுக்கு வேண்டிய முதல் சிறிதேயாயினும், அது எங்கிருந்து, எந்த நிபந்தனையில் வருகின்றது என்பதிலேயே தொழில் நிலைப்பதும் நிலையாமையும் தங்கியுள்ளன.

ஊராரே ஒன்றுகூடி ஊராருக்குக் கடன் கொடுக்கும் முறை நமக்குப் புதியதன்று. ஜேர்மனி நாட்டில் ராய்பைசன் என்பார் 1864ஆம் ஆண்டிற் கிராமத்தவர்க்கெனத் தொடங்கிய கடன் சங்கமே இதற்கு முன்மாதிரி. இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஐக்கிய நாணய சங்கங்கட்கு இடமளித்தது. அங்கத்தவர் பங்குப்பணம் கட்டிச் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேமித்து, தம்முள் ஒருவர்க்கொருவர் பிணை நின்று கடன் பெறுவர். 1929இல் யாழ்ப்பாணத்தில் ஐக்கிய மாகாண வங்கி தோன்றியபின் வடபகுதிச் சங்கங்கட்கு முதல் கிடைப்பது எளிதாயிற்று. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய தோட்டக்காரரும் சங்கமாகக் கூடி விற்றனர். 1970களில் வடபகுதிப் பனைத் தொழிலாளரும் தமக்கெனச் சங்கங்கள் அமைத்தனர். முந்திய சங்கங்கள் பல தளர்ந்துவிட்ட நிலையில், 1978ஆம் ஆண்டில் அவை சிக்கன, கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களாக நாடெங்கும் புத்துயிர் பெற்றன.

இச்சங்கங்களின் பலம் பணத்திலன்று, அறிமுகத்திலேயே உண்டு. கடன் கேட்பவரின் வயல் எந்தக் குளத்தின் கீழ் உள்ளது, கிணற்று நீர் ஆவணியில் உவர்க்குமா, சென்ற ஆண்டு அவர் வாங்கிய தையற்பொறி இன்னும் ஓடுகின்றதா என்பவற்றைச் செயற்குழுவினர் விசாரிக்கவேண்டியதில்லை, முன்னரே அறிவர். அதே காரணத்தால் முகத்தாட்சணியத்துக்காகக் கடன் கொடுத்து அழிந்த சங்கங்களும் உண்டு என்பதை மறைத்தற்கில்லை.

2009ஆம் ஆண்டு போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய பின்னர், வீடு வாசலை மீண்டும் எழுப்பப் பணம் தேவைப்பட்ட காலத்தில், சிறுகடன் நிறுவனங்கள் வாசலுக்கே வந்து கடன் கொடுத்தன. பெண்களே பெரும்பாலும் கடனாளர். வாரந்தோறும் தவணை கட்டவேண்டும். ஒரு கடனை அடைக்க மற்றொன்றை வாங்கியோர் பலர். நிலைமை முற்றி, 2018ஆம் ஆண்டில் வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத பெண்களின் நுண்கடன்களிற் கட்டமுடியாது நின்றவற்றை நீக்க அரசாங்கம் முன்வந்தது. மன்னாரும் அவற்றுள் ஒன்று. வட்டிக்கும் ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என்ற உச்ச எல்லை அவ்வாண்டு வகுக்கப்பட்டது.

வாரத்தவணை கமக்காரர்க்கு ஏன் பொருந்தாதென்பது எளிதில் விளங்கும். மூன்றரை மாத நெல்லுக்கெனக் கடன் பெற்றவர், முதல் நெல்மணியைக் காணுமுன் 15 தவணை கட்டவேண்டியிருக்கும். கீரை மூன்று, நான்கு வாரத்திலும், வெண்டி ஏறத்தாழ ஏழு வாரத்திலும், கத்தரி பத்து வாரமளவிலும் பலன் தருவன. ஆதலின் கடனின் முதற்றவணை, எப்பயிருக்காக அல்லது எத்தொழிலுக்காகப் பெறப்பட்டதோ அதன் முதல் வருமானத்தின் பின்னரே விழுமாறு கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

வட்டிக் கணக்கு

பலர் ஏமாறுவது இங்கேதான். எடுத்துக்காட்டாக, ஒருவர் 50,000 ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டிக்கு வாங்கி, 12 மாதத் தவணையில் அடைக்கின்றார் எனக் கொள்வோம். குறையும் மீதிக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், முதல் மாதம் அவர் கட்டுவது முதலில் 4,167 ரூபாவும் வட்டி 1,000 ரூபாவுமாக 5,167 ரூபா. மாதந்தோறும் இது 83 ரூபா வீதம் குறைந்து, கடைசி மாதம் 4,250 ரூபாவாகும். ஆண்டு முழுவதற்கும் வட்டி 6,500 ரூபா.

முழுத்தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி போடுவோரிடத்தில் வட்டி 12,000 ரூபா. இவரும் முதல் மாதம் கட்டுவது அதே 5,167 ரூபாதான்! ஆனால் அது குறைவதேயில்லை. பாதிக் கடன் அடைந்த பின்னரும் முழுக்கடனுக்கு வட்டி ஓடும். உண்மையில் இது நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வட்டியாகும். முதற்றவணையை மட்டும் ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் காணார். “வட்டி எவ்வளவு?” என்று கேட்பதினும் “முழுக்கடனும் தீரும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?” என்று கேட்டு, விடையைத் தாளில் எழுதி வாங்குதல் நன்று.

பயிற்சியின் பயன்

கடனோடு வழிகாட்டலும் சேர்ந்தாலன்றித் தொழில் வளராது. நெல் அவித்து விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அறுவடை வேளையில் விலை தாழ்ந்திருக்கும்போது நெல்லை வாங்கி வைப்பதே இத்தொழிலின் உயிர். ஆனால் ஈரப்பதன் நூற்றுக்கு 14 அளவுக்குக் குறையக் காயவைக்காத நெல் மூட்டையிற் சூடேறிப் பழுதாகும். வாங்கிய விலையின் இலாபம் பூஞ்சணத்துக்குப் போகும். நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 65 கிலோ அரிசியே கிடைக்கும் என்பதையும், தவிடும் உமியும் விலைபெறும் பொருள்கள் என்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். விறகும், மில்லுக் கூலியும், வீட்டாரின் உழைப்பும் செலவே. மனைவியின் உழைப்பைச் சும்மா கிடைத்ததாக எண்ணிப் போடும் விலை, விற்கும் ஒவ்வொரு மூட்டையிலும் நட்டத்தையே தரும்.

இவ்விடயங்களில் விவசாயப் போதனாசிரியரும், கமநல சேவை நிலையத்தாரும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் உதவக் கூடியவர்கள். தீவுப்பகுதியின் மணல் நிலத்தில் மரக்கறி செய்வோர் சோழகக் காற்றுத் தொடங்குமுன் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்துக்கொண்டு, அதற்கேற்ப எத்தனை பரப்பு நடலாமென முடிவுசெய்து, அதன்பின்னரே கடன் தொகையைக் குறிக்கவேண்டும். பெருந்தொகை கிடைக்கின்றதென்று பெருந்தோட்டம் நட்டு, நீரின்றி வாடவிட்டோர் இம்மாவட்டத்தில் உளர்.

கடன் பணத்துக்கெனத் தனிக் கொப்பி ஒன்று வைத்தல் வேண்டும். வலப்பக்கத்தில் வரவும் இடப்பக்கத்தில் செலவும் அன்றன்றே எழுதப்படுக. கடைப்பணத்திலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தால், அதனையும் எடுத்தவர் பெயருடன் எழுதுக. எழுத்தறியாதோர் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவிக்கலாம். அடுத்த கடனுக்குச் செயற்குழுவினர் முதலிற் பார்க்க விரும்புவது இக்கொப்பியையே.

மழை பிழைத்தோ, வெள்ளம் புகுந்தோ வருமானம் தவறுமெனத் தெரிந்தால், தவணை நாள் கடக்குமுன்னரே சங்கச் செயலாளரிடம் எழுத்தில் அறிவித்துத் தவணை மாற்றம் கேட்கவேண்டும். விண்ணப்பத்தோடு வயலின் நிலைபற்றிக் கமக்காரர் அமைப்பின் கடிதத்தையும் இணைத்து, கொடுத்ததற்குத் திகதியிட்ட கையொப்பம் பெற்றுக்கொள்க.