சோறு குறையவில்லை, உழைப்பு குறைந்தது

இந்தியாவில் இன்று அதிகம் பேரின் உயிரைப் பறிப்பது இதய, ரத்தநாள நோய். 1990-இல் நாட்டில் நேர்ந்த இறப்புகளில் இதன் பங்கு 15.2 சதவீதம், 2016-இல் அது 28.1 சதவீதம். அதே காலத்தில் இந்நோயோடு வாழ்பவர்கள் 2.57 கோடியிலிருந்து 5.45 கோடியாகப் பெருகினார்கள். மாநிலவாரியாகப் பார்த்தால் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு மூன்றும் பட்டியலின் உச்சியில் நின்றன. லட்சம் பேருக்கு 5,000 பேருக்குக் குறையாமல் அங்கே நோய் இருந்தது. இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 70 வயதை எட்டாதவர்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் கசப்பான பகுதி.

மக்கள் நெடுநாள் வாழத் தொடங்கினால் இதய நோய் கூடத்தான் செய்யும். காலராவிலும் அம்மையிலும் சாகாதவர் பிறகு வேறொன்றால் சாவார். ஆனால் வயதை மட்டும் காட்டி இந்த ஏற்றத்தை விளக்கிவிட முடியாது. 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளியானது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் அதற்குத் தலைமை வகித்தார். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2007-இல் வந்த கட்டுரை, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், மற்ற நாட்டவருக்கு அது 58.8 வயதில் வருகிறது என்றும் காட்டியது. இந்த ஏறத்தாழ ஆறு வருட இடைவெளிக்குப் பெரும்பாலும் பரம்பரை காரணமில்லை, பழக்கம்தான் காரணம். தெற்காசியரிடம் தீய காரணிகள் இளவயதிலேயே சேர்ந்துவிடுகின்றன.

காரணி என்பது நோயல்ல, நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948-இல் 5,209 பேரைத் தேர்ந்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோதுதான் இந்தக் கருத்தே உருப்பெற்றது. ரத்த அழுத்தம் கூடியவர்களும், கொழுப்பு மிகுந்தவர்களும், புகைப்பவர்களும் மற்றவர்களைவிட அதிகமாக மாரடைப்புக்கு ஆளானார்கள். இன்டர்ஹார்ட் அந்தப் பட்டியலை ஒன்பதாக்கியது. புகை, ரத்தக் கொழுப்பின் சீர்கேடு, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், தொந்தி, மன அழுத்தம், காய்கனி குறைந்த சாப்பாடு, உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு மதுப் பழக்கமும் அதில் இடம்பெற்றது. உலகின் முதல் மாரடைப்புகளில் பத்துக்கு ஒன்பதை இந்த ஒன்பதும் சேர்ந்து விளக்கிவிடுகின்றன. தலைவிதி, பரம்பரை என்று பேசுவதற்கு மிஞ்சும் இடம் குறைவு.

இந்தக் காரணிகள் நகரத்துப் பணக்காரருக்கு உரியவை என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1991-94-இல் வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினர். 2010-12-இல் அதே பகுதிகளில் அதை மறுபடி செய்தனர். இடைப்பட்ட காலத்தில் நீரிழிவு நகரத்தில் இரண்டு மடங்கானது, கிராமத்தில் மூன்று மடங்கானது. உடல் எடையும் ரத்த அழுத்தமும் அதே திசையில் போயிருந்தன. நகரம் முன்னே போக, கிராமம் அதைவிட வேகமாக ஓடி நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஓட்டம் எப்படி நடந்தது என்பதற்கு வயலும் தொழிலும் சேர்ந்த ஓர் ஊரைப் பார்ப்பது நல்லது. தாமிரபரணியின் தென்கரையில், அம்பாசமுத்திரத்துக்கு எதிரே இருக்கிறது கல்லிடைக்குறிச்சி. கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என இரண்டு போகமாக நெல் விளையும் பூமி. ஆற்றுக்கு அக்கரையில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 தமிழ்நாடு முழுவதும் இட்லி அரிசியாக அறியப்பட்டது. இங்கே சோறு என்றைக்கும் தட்டுப்பாடில்லாத பொருள் என்று சொல்லிவிட முடியாது. வயலில் இறங்கிய குடும்பங்களுக்கு அது கூலியாகக் கிடைத்தது, அளந்துதான் கிடைத்தது. ஆனால் கிடைத்த சோற்றை உடம்பு அன்றே செலவழித்தது. நாற்றுப் பிடுங்கி, நட்டு, களையெடுத்து, அறுத்து, கட்டுச் சுமந்து, சூடடித்து, தூற்றி, வீட்டில் நெல்லைக் குத்திப் பொங்கி இறக்கும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் உழைப்பு இருந்தது.

இவற்றில் பெரும்பாலானவற்றை இன்று இயந்திரம் செய்கிறது. அறுவடை இயந்திரம் ஒரு வயலைச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. ஆட்டுரலும் அம்மியும் முற்றத்து ஓரத்துக்குப் போய்விட்டன. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. அதற்கு ஐந்தாண்டு முன்பே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வீடு தேடி வந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் முதுகை ஒடித்த வேலையை ஒழித்த திட்டத்தைக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஆனால் அந்த வேலை எரித்துவந்த சக்திக்கு மாற்றாக வேறெந்த அசைவும் அன்றாடத்தில் நுழையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய இந்தியாப் ஆய்வின் முதல் கட்டத்தில், நகரத்தாரில் 65 சதவீதம் பேருக்கும் கிராமத்தாரில் பாதிப் பேருக்கும் போதிய உடலசைவு இல்லை என்று தெரிந்தது. உழுது பிழைக்கும் கிராமம் என்ற சித்திரத்துக்கு இந்தப் ‘பாதி’ கொஞ்சமும் பொருந்தாது.

அரிசியோ தட்டை விட்டுப் போகவில்லை, நன்றாகத் தீட்டப்பட்டு வந்தது. கைக்குத்தலில் ஒட்டியிருந்த தவிடு ஆலையில் போய்விட்டது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய இந்தத் திட்டத்தின் அருமை எவருக்கும் தெரியும். எனினும் தட்டில் சோறு மலையாகவும் பருப்பும் காயும் அதன் ஓரத்தில் மடுவாகவும் இருக்கும்போது சர்க்கரை ஏறும் வழி திறக்கிறது. 21 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாளுக்கு 450 கிராம் அல்லது அதற்கு மேல் வெள்ளைச் சோறு உண்ணும் தெற்காசியருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவரைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகம். மற்ற பகுதிகளையும் சேர்த்த சராசரி 20 சதவீதம்தான்.

சென்னையின் வரலாறே இதைப் படிப்படியாகக் காட்டும். அங்கே பெரியவர்களிடையே நீரிழிவு 1989-இல் 8.3 சதவீதம், 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2004-இல் 14.3. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மாநிலமே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2011-இல் தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம் என்று சொன்ன அதே இந்தியாப் ஆய்வு, நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சோதித்துமுடித்து 2023-இல் தந்த அறிக்கையில் 14.4 என்றது. தேசிய அளவில் நீரிழிவு 11.4 சதவீதம், உயர் ரத்த அழுத்தம் 35.5, தொந்தி 39.5. அநேகமாக எல்லாவற்றிலும் நகரம் கிராமத்தை முந்தியிருந்தது. ஒன்றில் மட்டும் வித்தியாசமே இல்லை, அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. அடுத்த கட்ட நோயாளிகள் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

எடை இன்னும் வேகமாகக் கூடியது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37 ஆனார்கள். அதே ஆண்டுகளில் தேசியச் சராசரி பெண்களுக்கு 24, ஆண்களுக்கு 22.9-ஐத்தான் தொட்டது. பெண்கள் முந்துவதற்குக் காரணம் அலுவலக நாற்காலி என்று நினைத்தால் தவறு. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிப் பெண்களுக்கு வீட்டிலேயே வருமானம் தரும் தொழில்கள் பீடி சுற்றுவது, அப்பளம் இடுவது. இரண்டும் காலையிலிருந்து மாலைவரை சம்மணமிட்டு உட்கார்ந்து செய்யும் வேலைகள். கை ஓயாது, கால் அசையாது. சாயங்காலம் வந்ததும் சமையல். எழுந்து நடக்கவென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க அந்த நாளில் இடமில்லை.

கல்லிடைக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர் நினைவுக்கு வருவதும் அப்பளம்தான். ஆற்றுத் தண்ணீர்தான் அதன் ருசிக்குக் காரணம் என்பது ஊரின் பெருமை. உளுந்து மாவோடு உப்பும் அப்பளக்காரமும் சேர்கின்றன. அப்பளக்காரமும் சோடிய உப்புதான் என்பதால் ரத்த அழுத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே கூடும். அப்பளத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஊறுகாய், மோர் மிளகாய், வத்தல், வடகம், கடற்கரையிலிருந்து வரும் கருவாடு என்று வெயிலும் உப்பும் சேர்ந்து காத்த உணவு தெற்கத்தி அடுக்களையில் ஏராளம். வயலில் வியர்வையாக உப்பை இழந்தவர்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. இன்று வியர்வையும் குறைந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. இந்தியரின் சராசரியோ, வெவ்வேறு கணக்கெடுப்புகளின்படி, 8 முதல் 11 கிராம்வரை இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 வயது தாண்டிய ஆண்களில் 30.2 சதவீதமும் பெண்களில் 24.8 சதவீதமும் ரத்த அழுத்தம் கூடியவர்கள் அல்லது அதற்கு மாத்திரை எடுப்பவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது.

கொழுப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முட்டை, இறைச்சி, தேங்காய் என்று சுற்றும். இந்தியருக்குப் பொதுவான கோளாறு வேறு மாதிரியானது. இந்தியாப் முதல் கட்டத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 சதவீதம் மட்டுமே. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைந்தவர்கள் 72.3 சதவீதம், ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29.5 சதவீதம். இது மாவுச்சத்து மிகுந்து அசைவு குறைந்த உடம்பின் அடையாளம். ஒரு துளி நெய்யைக்கூடத் தொடாதவரின் ரத்தத்திலும் இது இருக்கும். வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீதம் என்ற வரம்பு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தால் சாதிக்கக்கூடியவற்றில் இது எளிதானது.

புகையிலையில் மட்டும் நாடு இறங்குமுகம் கண்டது. வயதுவந்தோரில் அதைப் பயன்படுத்துபவர்கள் 2009-10-இல் 34.6 சதவீதம், 2016-17-இல் 28.6. தமிழ்நாடு எதிர்த்திசையில் 16.2-லிருந்து 20 ஆனது. தேசிய அளவைவிட இன்னும் குறைவுதான், ஆனால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு காரணி பிறப்புக்கும் முன்னால் தொடங்குகிறது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையின் பழைய பிரசவப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, அங்கே பிறந்து 45 வயது தாண்டியவர்களை ஆய்வாளர்கள் சோதித்தனர். பிறந்தபோது இரண்டரைக் கிலோவைத் தாண்டாதவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம். 1996-இல் வெளியான இந்த முடிவு, கர்ப்பத்தில் பட்டினி கிடந்து வயதானபின் நிறைவைக் கண்ட ஒரு தலைமுறைக்கு அப்படியே பொருந்தும். அரைவயிற்றுக் கூலியில் பெற்றெடுத்த தாய்மார்களின் பிள்ளைகள்தான் இன்று ஐம்பதுகளில் இருக்கிறார்கள்.

வசதி படைத்தவருக்கே சர்க்கரை வரும் என்பதும் பழங்கதையாகிவிட்டது. 2017-இல் இந்தியாப் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் ஏழைகளிடையே நீரிழிவு பணக்காரரைவிட அதிகமாக இருந்தது. படித்தவர் சோற்றைக் குறைக்கிறார், நடைக்குப் போகிறார், பரிசோதனை செய்துகொள்கிறார். கூலிக்காரருக்கு மிகமலிவான உணவும் மிகமலிவான எண்ணெயும்தான் மிஞ்சுகின்றன.

இந்த ஏற்றத்தைத் திருப்ப முடியும் என்பதற்கு பின்லாந்தின் வட கரேலியா சாட்சி. 1972-இல் தொடங்கிய திட்டத்தில் வெண்ணெயையும் உப்பையும் புகையையும் குறைத்தார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய இறப்பு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சரிந்தது. தமிழ்நாட்டில் 2007-இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டம் 2012-இல் மாநிலம் முழுதும் பரவியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. கண்டுபிடிப்பதைவிடக் கட்டுக்குள் வைப்பதுதான் பெரும்பாடு. 2020-இல் மாநிலக் கணக்கெடுப்பின்படி பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் அளவு கட்டுக்குள் இருந்தது. 2023-24-இல் இது முறையே 17, 16.7 என உயர்ந்தது. பத்தில் எட்டுப் பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

வெளியே நிற்பவர்களுக்கு வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் சேர்ந்த 14 மாத்திரைகளை உடனே கொடுத்துவிட்டு, நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நடுநெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றை வாயு என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திருக்கும் ஒரு மணி நேரம்தான் அந்தப் பயணத்துக்கான நேரத்தைத் தின்றுவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, திடீர் அசதி, குமட்டல் மட்டுமே வரக்கூடும். அவர்களுக்கும் அதே 14 மாத்திரைகள்தான்.