திங்கட்கிழமை ஆபீஸ், ஞாயித்துக்கிழமை செட்டிபாளையம்: தினமும் ஓட்டுற காரை டிராக் டேக்குத் தயார் பண்றது எப்படி?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, என்கிட்ட போலோ ஜிடி இருக்கு. ஆபீஸ் போறதும் அதுலதான், ஊருக்குப் போறதும் அதுலதான். கரி டிராக்ல ஒரு நாள் ஓட்டிப் பார்க்கணும். என்னென்ன மாத்தணும்?" போலோவுக்குப் பதிலா சிலர் ஐ20 என் லைன்னு எழுதியிருக்காங்க, ஒருத்தர் ஆக்டேவியா ஆர்எஸ். கூடவே எக்ஸாஸ்ட், ரீமேப், காயிலோவர்னு ஒரு ஷாப்பிங் லிஸ்ட்டும் அவங்களே அனுப்பிட்டாங்க.

அந்த லிஸ்ட்டை முதல்ல ஓரமா வச்சிடுங்க. முதல் டிராக் டேக்கு அதுல எதுவுமே தேவையில்லை. தேவைப்படுறது வேற, அதுக்கு ஆகுற செலவும் கம்மி.

வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்காக ஒரு நிமிஷம். கரி மோட்டார் ஸ்பீட்வே கோயம்புத்தூருக்குத் தெற்கே, போத்தனூர் தாண்டி செட்டிபாளையத்துல இருக்கு. 2003ல திறந்தாங்க. ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம், அவ்வளவுதான். 'கரி'ன்னா எஸ். கரிவர்தன். 80கள்ல சோழவரம் ரேஸ்ல ஓட்டினவர். மாருதி 800 இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதின்னு சிங்கிள் சீட்டர் காரைக் கோயம்புத்தூர்லயே கட்டினவர். நம்ம ஊரு பசங்க குறைஞ்ச செலவுல ரேஸ் கார்ல உட்கார வழி பண்ணினது அவர்தான். 1995ல விமான விபத்துல இறந்துட்டார். நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன் வரைக்கும் போனதுக்கு முன்னாடி இப்படி ஒரு அடித்தளம் இந்த ஊர்ல இருந்துச்சுங்கறதை மறந்துடக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். சின்ன டிராக்னா ஈஸின்னு நினைக்காதீங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர். அங்க காருக்கு மூச்சு விட இடம் இருக்கு. கரியில வளைவு முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே அடுத்த வளைவு. அதாவது பிரேக் ஆறுறதுக்குள்ள அடுத்த பிரேக். அதனால முதல் விஷயம், முக்கால்வாசி விஷயம், பிரேக்தான்.

ஒரு பிரேக்கிங், ரெண்டு லிட்டர் வெந்நீர்

இதுல ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான். காரும் ஆளும் சேர்த்து 1200 கிலோ. 130 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 60க்கு இறங்கறீங்க. அந்த இயக்க ஆற்றல் வித்தியாசம் ஏறக்குறைய 615 கிலோஜூல். 30 டிகிரியில இருக்கற ரெண்டு லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு வர அது போதும். வீட்டுல 2 கிலோவாட் இன்டக்‌ஷன் அடுப்பு அஞ்சு நிமிஷம் முழுசா எரிஞ்சு பண்ற வேலை. அதை உங்க பிரேக் மூணு செகண்ட்ல பண்ணுது. பெரும்பகுதி முன்னாடி ரெண்டு டிஸ்க் தலையிலதான் விழும், ஏன்னா பிரேக் அடிக்கும்போது எடை முன்னாடி சாயுது. இந்த மாதிரி ஒரு லேப்ல பல தடவை. அதுவும் கால் மணி நேரம் தொடர்ந்து.

அவினாசி ரோட்ல சிக்னலுக்குச் சிக்னல் நின்னு நின்னு போறோமே, அதுல பிரேக் சூடாகாதான்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். ஆகும். ஆனா 40ல இருந்து நிக்கறதுல வர்ற வெப்பம், அதே காருக்கு, 75 கிலோஜூல் கூட இல்லை. எட்டுல ஒரு பங்கு. அப்புறம் சிக்னல்ல ரெண்டு நிமிஷம் ஆறுறதுக்கு டைமும் கிடைக்குது.

இந்தச் சூடு எங்க போகும்? டிஸ்க்ல இருந்து பேட், பேட்ல இருந்து கேலிப்பர் பிஸ்டன், அங்கிருந்து பிரேக் ஃப்ளூயிட். இங்கதான் ஆபத்து. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்தை மெதுவா உறிஞ்சிக்கும். டாட் 4 ரகத்துக்கு, புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும்னு விதி. ஈரம் ஏறின நிலையில அந்த அளவு 155தான். டாட் 3ன்னா 205, 140. டாட் 5.1ன்னா 260, 180. ஃப்ளூயிட் கொதிச்சா ஆவிக்குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால பெடலை மிதிச்சா அது குமிழியை நசுக்கிட்டு அப்படியே தரை வரைக்கும் போகும். கார் நிக்காது.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நாலாவது லேப்ல இது நடந்துச்சு. மூணு வருஷமா ஃப்ளூயிட் மாத்தாத கார். பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, மனுஷன் புல்வெளியில இறங்கி நின்னார். டிராக்ல அதுக்குன்னே இடம் விட்டிருக்காங்க, ஒண்ணும் ஆகலை. ஆனா அடுத்த வாரம் அதே காரை எடுத்துட்டுக் குடும்பத்தோட வால்பாறை போறதா இருந்தார். ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. அங்க புல்வெளி கிடையாதுங்க. ரேஸ் காரா இருந்தா டிரெய்லர்ல ஏத்தி ஷெட்ல விட்டுடலாம். நம்ம கார் மறுநாள் அம்மாவை ஏத்திட்டு மலை இறங்கணும். இன்னைக்குப் பேசப்போற எல்லாத்துக்கும் காரணம் இதுதான்.

அதனால டிராக் டேக்கு ஒரு வாரம் முன்னாடி ஃப்ளூயிட்டை முழுசா மாத்துங்க. மேல டாப் அப் பண்றது கணக்கில்லை. நாலு சக்கரத்துலயும் பழசு வெளிய வந்து புதுசு வர்ற வரைக்கும் பிளீட் பண்ணச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாருங்க. நல்ல டாட் 4 போதும், மேனுவல் ஒத்துக்கிட்டா 5.1 போடுங்க. டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கோன் வகை, வேற சமாச்சாரம், நம்ம கார்ல ஊத்தவே கூடாது. டிராக் டே முடிஞ்சு பெடல்ல கொஞ்சமாவது தொளதொளப்பு தெரிஞ்சா மறுபடி பிளீட் பண்ணிட்டுத்தான் மலைப்பக்கம் போகணும்.

பேட் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ரேஸ் பேட் வாங்கிப் போடாதீங்க. அது சூடானாத்தான் பிடிக்கும். காலையில ஏழரைக்குக் காந்திபுரம் சிக்னல்ல, குளிர்ந்த டிஸ்க்ல, முன்னாடி டவுன் பஸ் சடன் பிரேக் போட்டா அந்தப் பேட் உங்களைக் காப்பாத்தாது. கம்பெனி பேட்லயே பாதிக்கு மேல தடிமன் இருந்தா முதல் தடவைக்கு அது போதும். வருஷத்துக்கு மூணு நாலு தடவை போறதா முடிவு பண்ணினப்புறம், ரோடு, டிராக் ரெண்டுக்கும் பொதுவான ரகம் பார்க்கலாம்.

டயர்: காத்து கணக்கு

டயர்ல என்ன பிராண்டுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்க நம்பரைப் பாருங்க. 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷம் தாண்டின டயரோட டிராக்குக்குப் போக வேண்டாம், கட்டை எவ்வளவு இருந்தாலும் சரி. ரப்பர் இறுகியிருக்கும்.

அடுத்தது பிரஷர். காலையில குளிர்ந்த டயர்ல, 30 டிகிரியில, 32 பிஎஸ்ஐ வச்சிருக்கீங்க. டிராக்ல உள்ள இருக்கற காத்து 80 டிகிரிக்குப் போகுதுன்னு வைங்க. கணக்குப்படி பிரஷர் 40 பிஎஸ்ஐ கிட்ட வந்துடும். டயர் நடுவுல உப்பி, ரோட்டைத் தொடுற பரப்பு குறையும். மூணாவது லேப்ல பிடிப்பு போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றதுக்கு இதுதான் காரணம், டயர் மோசம்னு அர்த்தமில்லை. ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி வச்சுக்கங்க. செஷன் முடிஞ்சு பிட்ல வந்த உடனே, சூட்டோட, நாலையும் பார்த்து, 34, 35க்கு இறக்கிக்கலாம். எந்த அளவுல உங்க கார் நல்லா இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. லாக் எழுதாம டீபக் பண்ண முடியாதுன்னு நம்ம ஐடி மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதோட மறுபக்கத்தை யாரும் பேசறதில்லை. சூட்டுல 34க்கு இறக்கின டயர், ராத்திரி ஆறினப்புறம் 27 பிஎஸ்ஐக்கு வந்துடும். அதோட நாலு பேரை ஏத்திட்டு சேலம் ஹைவேயில 100ல போனா டயர் பக்கவாட்டுல நெளிஞ்சு நெளிஞ்சு சூடாகி வெடிக்கலாம். அதனால டிராக்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி காத்து ஏத்தணும். சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒண்ணு டிக்கியில இருந்தா நல்லது.

மத்ததெல்லாம் சீக்கிரமா

இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுக்கிட்ட இருக்கட்டும், அதுக்கு மேல வேண்டாம். நீண்ட வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும், லெவல் குறைஞ்சிருந்தா பம்ப் காத்தை உறிஞ்சிடும். கூலன்ட் பாருங்க, வெறும் தண்ணி ஊத்தியிருந்தா மாத்துங்க. டர்போ கார்ல நாலஞ்சு லேப்புக்கு அப்புறம் பவர் குறையற மாதிரி தெரியும். உள்ள போற காத்து சூடானதால ஈசியு தன்னைக் காப்பாத்திக்குது. அப்போ ஒரு கூல் லேப் ஓட்டுங்க. அதைப் பார்த்துட்டு ரீமேப் பண்ணப் போறவங்க சூட்டைத்தான் இன்னும் ஏத்தறாங்க.

கார் உள்ள இருக்கறதையெல்லாம் எடுத்துடுங்க: ஜாக்கி, தண்ணி பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் உட்பட. முக்கியமா டிரைவர் பக்க மேட். அது நழுவி பெடலுக்கு அடியில போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வச்சு, மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க. டோ ஹூக் கையில இருக்கணும். ஹெல்மெட் ஃபுல் ஃபேஸ், காட்டன் ஃபுல் ஸ்லீவ், மெல்லிய அடிப்பகுதி இருக்கற ஷூ.

ஈஎஸ்பியை ஆஃப் பண்ணலாமான்னு திருப்பூர்ல இருந்து ஒருத்தர் கேட்டார். முதல் தடவை வேண்டாமுங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த லைட் அடிக்கடி கண் சிமிட்டுதுன்னா, கார் தானே ஒரு சக்கரத்துல பிரேக் போட்டு உங்களைத் திருத்துதுன்னு அர்த்தம். அந்தச் சூடும் பிரேக் கணக்குலதான் சேரும். லைட் எரியாத மாதிரி ஓட்டக் கத்துக்கிட்டா வேகம் தானா வரும்.

பாலிசியில என்ன எழுதியிருக்கு?

இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து, வண்டியை எதுக்கெல்லாம் உபயோகிக்கக் கூடாதுங்கற பகுதியைப் படிங்க. வாடகைக்கு விடறதோட சேர்த்து, ரேஸிங், பேஸ் மேக்கிங், ஸ்பீட் டெஸ்டிங், ரிலையபிலிட்டி டிரயல் எல்லாம் அதுல இருக்கும். ஜீரோ டெப், பம்பர் டு பம்பர்னு எதைச் சேர்த்திருந்தாலும் இது மாறாது. 'நான் ரேஸ் ஓட்டலை, டைமிங் இல்லாம சும்மா சுத்தினேன்'னு வாதாடலாம், ஆனா அதை நம்பிக் காரை இறக்காதீங்க. டிராக்ல நுழையும்போது பொறுப்பு என்னோடதுதான்னு ஒரு படிவத்துல கையெழுத்தும் போடுவீங்க.

அதனால நேரடியா ஒரு கேள்வி. சுவத்துல மோதி முன்பக்கம் போச்சுன்னா, உங்க கைக்காசுல சரி பண்ண முடியுமா? இன்னும் மூணு வருஷம் இஎம்ஐ பாக்கி, சம்பளத்துல பாதி அதுக்கே போகுதுன்னா, என் கருத்து, உங்க காரை எடுத்துட்டுப் போகாதீங்க. ட்ரெயினிங் ஸ்கூல் கார்லயோ கார்ட்டிங்லயோ ஓட்டுங்க. கார்ட்டிங்ல கத்துக்கற லைன் இங்கயும் அப்படியே உதவும்.

இன்னொண்ணு, ரோல் கேஜ், சத்தமான எக்ஸாஸ்ட் மாதிரி சமாச்சாரம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில தெளிவாச் சொல்லியிருக்கு. டிராக்ல பரவாயில்லை, ஆனா அங்க போறதும் வர்றதும் ரோட்டுலதானே.

அந்த நாள்ல

முதல் செஷன்ல லேப் டைம் எடுக்காதீங்க. மார்ஷல் எங்க நிக்கறாங்க, எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், பிட் எக்ஸிட் எங்கன்னு பாருங்க. பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஓட்டினா கடைசி ஒரு லேப் பிரேக்கை அதிகம் தொடாம மெதுவா வந்து, அதுக்கப்புறம் உள்ள வாங்க. நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க. கொதிக்கற டிரம்லயோ டிஸ்க்லயோ அது ஒட்டிக்கும். கியர்ல விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுங்க. டர்போன்னா ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க.

சாயங்காலம் கிளம்பறப்போ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டயர்ல காத்து, வீல் போல்ட் மறுபடி ஒரு தடவை, பேட் தடிமன் ஒரு டார்ச் அடிச்சு, காருக்கு அடியில ஏதாவது ஒழுகுதான்னு ஒரு பார்வை. கேட் வரைக்கும் மெதுவா உருட்டி மூணு தடவை பிரேக் மிதிச்சுப் பாருங்க. பெடல் காலையில எந்த உயரத்துல பிடிச்சுதோ அதே உயரத்துல பிடிக்கணும். கொஞ்சம் கீழ போய்ப் பிடிக்குதுன்னாலும் காரை அங்கயே விட்டுட்டு, ஃபிரண்டு வண்டியில வீட்டுக்கு வாங்க. மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் பிளீட் பண்ணி எடுத்துக்கலாம்.