வெறுங்காலும் டொக்டரம்மாவும்

அக்குறணைப் பிள்ளைகளுக்கு வாசனைச் சரக்கைப் பற்றி வெளியூர்க்காரர் பாடம் எடுக்கக் கூடாது. கராம்பும் ஏலமும் சாதிக்காயும் உங்களுக்குக் கடைத்தெருவிலேயே மூக்கில் ஏறிவிடும். ஆனாலும் ஓமத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மோந்து பாருங்கள். சுள்ளென்று குத்துகிறதல்லவா? அந்த வாசனைக்கு முக்கிய காரணம் தைமோல் என்ற பொருள். நூறு வருஷத்துக்கு முன்னர் இந்தத் தைமோலை ஓம எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்து, கப்பலேற்றி, ஒரு புழுவைக் கொல்லும் மருந்தாகப் பல நாடுகளில் கொடுத்தார்கள்.

அந்தப் புழுவுக்குப் பெயர் கொளுக்கிப்புழு. நீளம் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஆனால் அது பயணம் போகிற வழி இருக்கிறதே, அதைக் கேட்டால் அசந்து போவீர்கள். மலத்தோடு வெளியே வரும் முட்டை, ஈரமான நிழல் மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரம் அளவில் குடம்பி தயார். இனி அதற்கு வேண்டியது ஒரு வெறுங்கால். கால்விரல் இடுக்கில் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு ஓடி நுரையீரலுக்குச் சேரும். அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைவரை ஏறும். எச்சிலோடு நாம் அதை விழுங்கிவிடுவோம். அப்படியே சிறுகுடலுக்கு இறங்கி, அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் இரத்தம் குடிக்கும். வாய் பக்கத்திலேயே இருக்கும்போது, காலால் புகுந்து இவ்வளவு சுற்றிக்கொண்டு வயிற்றுக்குப் போகிற பிராணி!

இனி ஒரு சின்னக் கணக்கு. கொளுக்கிப்புழுவில் ஒரு வகை, நாளொன்றுக்குக் குடிப்பது ஏறக்குறைய 0.03 மில்லிலீற்றர். ஒரு சொட்டுக்கும் குறைவு. வயிற்றில் நூறு புழு இருந்தால்? நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. சின்னக் கோப்பையில் ஒரு பிளேன்ரீ அளவு இரத்தம். இன்னொரு வகை இதைவிட ஐந்து மடங்கும் குடிக்கும். போன இரத்தத்தை உடம்பு திரும்பச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். நல்ல சாப்பாடு கிடைக்கிற பிள்ளை எப்படியோ சமாளித்துவிடும். கிடைக்காத பிள்ளைக்கு முகம் வெளிறும், மூச்சு வாங்கும், வகுப்பில் கண் சொருகும். அந்தப் பிள்ளைக்கு ஊர் வைக்கிற பெயர் சோம்பேறி.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அமைப்பு இலங்கையில் இந்தப் புழுவுக்கு எதிரான வேலையைத் தொடங்கியது மாத்தளைப் பக்கத் தோட்டங்களில். உங்கள் ஊருக்கு நடுவே போகிற ஏ9 வீதியில் வடக்கே கொஞ்ச தூரம்தான். மருந்து கொடுத்தார்கள், புழு செத்தது. ஆனால் லயத்துப் பக்கம் மலசலகூடம் போதாது, காலில் செருப்பும் கிடையாது. மருந்து குடித்தவர் அதே மண்ணை மிதித்தார். புழு திரும்பி வந்தது.

(யாரும் வீட்டு ஓமத்தை எடுத்து வைத்தியம் பார்க்கக் கிளம்ப வேண்டாம். புழுவைக் கொல்கிற அளவுத் தைமோல் ஆளுக்கே ஆபத்து. அதனால்தான் அதைக் கைவிட்டார்கள். இன்றைக்குப் பூச்சிக் குளிசை இருக்கிறது.)

மருந்தால் மட்டும் முடியாத இந்த மாதிரி வேலைக்குத்தான் மேரி ரத்னம் போன்ற ஒரு டொக்டர் தேவைப்பட்டார்.

மேரி இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்தவர். பெண்கள் டொக்டருக்குப் படிப்பதே அபூர்வமான காலத்தில் டொரன்டோவில் படித்துப் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் ஒன்று அவரை இலங்கைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. இடையில் நியூயோர்க்கில் சாமுவேல் கனகரத்னம் என்ற இலங்கைத் தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டு மேரி ரத்னம் ஆனார். உள்ளூர்க்காரரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை வைத்துக்கொள்ள மிஷனுக்கு மனம் வரவில்லை. மேரி அதற்காகத் திரும்பிப் போகவில்லை. 1896இல் இலங்கைக்கு வந்தவர், கொழும்பில் பெண்களுக்கென இருந்த லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். பிறகு சொந்தமாக வைத்தியம் பார்த்தார். ஆண் டொக்டரிடம் நோயைச் சொல்லவே வெட்கப்பட்ட தாய்மாருக்கு இப்படி ஒருவர் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் உம்மும்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகளையும் வளர்த்தார். நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தோன்றும். ஆண் டொக்டர்களின் கதையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, டொக்டர் ஒருவர் பாடப்புத்தகம் எழுத உட்கார்ந்ததுதான். 1920களிலும் 30களிலும் பள்ளிக்கூடங்களுக்காகச் சுகாதார நூலும், மனையியல் நூலும் எழுதினார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் நோய் வந்த பிறகு வருகிறார். வகுப்பில் இருக்கிற பிள்ளையோ நோய் வருமுன்னரே கையில் கிடைக்கிறது.

அடுத்த யோசனை அவருடைய சொந்த மாகாணத்திலிருந்து வந்தது. ஒன்ராறியோவில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாயின் கைக்குழந்தை 1889இல் இறந்துபோனது. கெட்ட பாலே காரணம் என்று நம்பினார்கள். திறந்த பாத்திரத்தில், ஈ மொய்க்க, வெயிலில் பால் வந்து சேர்ந்த காலம் அது. வெதுவெதுப்பான பாலில் சிலவகைப் பற்றீரியா இருபது நிமிடத்துக்கொரு முறை இரண்டாகும். காலையில் ஒன்று விழுந்தால், அதே வேகத்தில் ஏழு மணித்தியாலத்தில் 21 தடவை இரட்டிக்கும். நம்பாவிட்டால் 2, 4, 8 என்று கொப்பியில் பெருக்கிக்கொண்டே போங்கள், இருபது இலட்சத்தைத் தாண்டும். நன்றாகக் காய்ச்சி மூடி வைத்தால் இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தொடங்காது. இது தெரியாமல் ஒரு பிள்ளை போய்விட்டதே என்று கலங்கிய அந்தத் தாயின் முயற்சியால் 1897இல் கிராமப் பெண்கள் கூடிப் படிக்கும் முதலாவது மாதர் சங்கம் அங்கே பிறந்தது.

அந்தச் சங்கங்களை முன்மாதிரியாக வைத்து மேரி ரத்னம் 1930இல் இங்கே லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பாராமல் கிராமத்துப் பெண்கள் கூட வேண்டும் என்பது நோக்கம். பேச்சு எல்லாம் வீட்டைப் பற்றியதுதான்: கிணற்றைச் சுத்தமாக வைப்பது, மலசலகூடம், பிள்ளையின் சாப்பாடு, கொல்லையில் மரக்கறித் தோட்டம், நெசவு. கொல்லையில் ஒரு பாத்தி கீரை இருந்தால் புழு குடித்த இரத்தத்தில் கொஞ்சத்தைத் திரும்பச் செய்யலாம். மலசலகூடம் ஒன்று இருந்தால் முட்டை மண்ணுக்கே போகாது. புழுவின் நீண்ட பயணத்தை நடுவழியில் வெட்டுகிற இடம் அதுதான்.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களிலும் அவர் ஒருவர். 1931இலேயே இலங்கைப் பெண்கள் வாக்களித்துவிட்டார்கள். 1937இல் கொழும்பு மாநகர சபையின் முதலாவது பெண் உறுப்பினரானார். 1958இல் மக்சேசே விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பொதுச் சேவைக்கான விருது 85 வயது மேரி ரத்னத்துக்குக் கிடைத்தது. நான்கு வருஷம் கழித்துக் காலமானார். மகிளா சமித்தி இன்றும் நடக்கிறது.