கட்டளை இல்லாமல் எழுந்த பாட்டு

கார்டிஃப் நகரம். 1905 டிசம்பர் 16. ரக்பி ஆட்டம் காணத் திரண்டிருந்தோர் சுமார் 47,000 பேர். எதிரே நிற்பது நியூசிலாந்து அணி. ஸ்காட்லாந்தை வென்று, அயர்லாந்தை வென்று, இங்கிலாந்தையும் வென்று, அந்தச் சுற்றுப்பயணத்தில் தோல்வியே காணாமல் வந்த அணி! ஆட்டத்துக்கு முன் தங்கள் வழக்கப்படி, மாவோரி மக்களின் ஹாக்கா நடனத்தை ஆடினர். தரையை மிதித்து, தொடையைத் தட்டி, முழக்கமிட்டு ஆடினர்.

ஆடி முடித்ததும் நடந்தது என்ன? வேல்ஸ் வீரர் டெடி மார்கன் பாடத் தொடங்கினார். உடன் நின்ற வீரர்கள் சேர்ந்துகொண்டனர். பிறகு திடலே பாடிற்று! ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண் பாடப்பட்டது அதுவே முதல் தடவை என்று பலரும் குறிக்கின்றனர்.

பாடச் சொன்னது யார்? மன்னரா? சட்டமா? இல்லை. ஹாக்காவுக்குப் பதிலாக நம் பாட்டைப் பாடலாமே என்று ரக்பி நிர்வாகி ஒருவர் யோசனை சொன்னார், அவ்வளவுதான். அரண்மனைக்கு உரிய பாட்டு வேறு. அது மன்னரைக் காக்கும்படி கடவுளை வேண்டுவது. இதுவோ 1856-இல் பான்டிபிரித் ஊரில் பிறந்தது. சொல் தந்தவர் ஈவான் ஜேம்ஸ், கம்பளி நெசவுத் தொழில் செய்தவர். மெட்டுத் தந்தவர் அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ். ராண்டா ஆற்றங்கரையில் நடந்தபோது தோன்றிய மெட்டு என்பார்கள். தறிக்காரர் வீட்டுப் பாட்டு, தோழர்களே!

பாடிய மொழி வேல்ஷ். அந்த மொழி பட்ட பாட்டைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேல்ஸ் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டு மாட்டப்பட்டது. அடுத்து எவன் பேசினானோ அவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி! மரத்துண்டு சுமந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கார்டிஃப் திடலில் பாடியிருக்கமாட்டார்களா?

அத்தனை தொண்டைகள் எப்படிச் சேர்ந்து பாடின? நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் மக்கள் ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்தில், குரலை நான்காகப் பிரித்துப் பாடிப் பழகியவர்கள். ஆறு நாள் கரித்தூள் இறங்கிய நெஞ்சு ஏழாம் நாள் பாடியது. ஆவேசம் மட்டுமல்ல, அது பயிற்சி.

ஆட்டத்தில் வேல்ஸ் 3-0 என்று வென்றது. அந்த மூன்று புள்ளிகளையும் எடுத்தவர் பாட்டைத் தொடங்கிய அதே மார்கன்தான். (நியூசிலாந்து வீரர் பாப் டீன்ஸ், தாமும் கோட்டைத் தொட்டதாகக் கடைசிவரை சாதித்தார். நடுவர் ஏற்கவில்லை. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்!)

பாட்டில் மயங்கிவிடவும் கூடாது. அதே ராண்டாப் பள்ளத்தாக்கில், 1910-இல், டோனிபாண்டியில் சுரங்கத் தொழிலாளர் கூலி கேட்டு நின்றனர். ஒரே பாட்டுத்தானே என்று முதலாளி இரங்கினானா? போலீஸ் வந்தது. உள்துறை அமைச்சர் சர்ச்சில் காலத்திலே ராணுவமும் வந்தது. 1911-இல் அவர்கள் தோற்றுத்தான் சுரங்கத்துக்குத் திரும்பினர்.

நம் நாட்டில் 2016-இல் திரையரங்குகளில் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2018-இல் அதே நீதிமன்றம், ஒலிபரப்புவது கட்டாயமில்லை என்று தளர்த்தியது. எழுந்து நிற்க வைக்க ஆணை போதும். பாட வைக்க?

2021 கணக்குப்படி வேல்ஸில் வேல்ஷ் பேசத் தெரிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. ஆனாலும் ரக்பித் திடலில் அந்தப் பாட்டை வேல்ஷிலேயே மனப்பாடமாய்ப் பாடுகிறார்கள். மனப்பாடம் செய்யாத ஒருவரும் உண்டு. லண்டன் அரசு வேல்ஸுக்கு அனுப்பிய அமைச்சர் ஜான் ரெட்வுட்! 1993-இல் அவருடைய கட்சி மாநாட்டில் அந்தப் பண் ஒலித்தபோது, வார்த்தை தெரியாமல் உதட்டை அசைத்தார், தலையையும் ஆட்டினார். படக்கருவி விடவில்லை. அமைச்சராக அவர் என்னென்ன செய்தார் என்பதை மறந்தவர்களும், அந்த உதட்டை மறக்கவில்லை.