சளிக்காய்ச்சலுக்குப் பின் நெஞ்சு வலி: ‘கேஸ்ட்ரிக்’ என்று விட்டுவிடலாமா?

2025 அக்டோபரில் மலேசியப் பள்ளிகளில் இன்ஃபுளுவென்சா பரவி, சுமார் 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சில பள்ளிகளை மூடவும் வேண்டியிருந்தது. சளியும் இருமலும் போனதும் நாம் அதை மறந்துவிட்டோம். அது இதயத்தைப் பாதிக்குமா என்ற சந்தேகங்கள் மட்டும் தீரவில்லை.

சளிக் கிருமி இதயம் வரை போகுமா?

போகும், ஆனால் அரிதாக. இன்ஃபுளுவென்சா, கோவிட்-19, அடினோவைரஸ் ஆகியவை இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கலாம். மருத்துவர்கள் இதை மயோகார்டைட்டிஸ் என்பார்கள். சில நேரம் கிருமியே தசையைத் தாக்கும். சில நேரம் கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்பாற்றல் சொந்தத் தசையையே பதம் பார்த்துவிடும். அதனால்தான் காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்தும் தொல்லை தலைகாட்டுகிறது. கொழுப்பு, இனிப்புநீர் எதுவுமில்லாத இருபது வயதுக்காரருக்கும் வரலாம்.

நெஞ்சு வலி கேஸ்ட்ரிக்காக இருக்கக் கூடாதா?

இருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்ட்ரிக்தான். மருந்தெண்ணெய் தேய்த்துப் படுத்துவிடுவோம். போன மாதம் சாதாரணமாக ஏறிய மாடிப்படியில் இப்போது மூச்சு வாங்குகிறதா? படபடப்பு, தலைச்சுற்றல், கால் வீக்கம் உண்டா? அன்றே டாக்டரைப் பாருங்கள். மயங்கி விழுந்தாலோ மூச்சு திணறினாலோ 999. கைக்குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துப்போவதும் வேகமாக மூச்சு விடுவதும்தான் அதன் மொழி.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் போதுமா?

போதாது. டிரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ, தேவைப்பட்டால் இதய எம்.ஆர்.ஐ. வரை போக வேண்டியிருக்கும்.

தடுப்பூசியாலும் வருமாமே?

எம்.ஆர்.என்.ஏ. கோவிட் ஊசிக்குப் பிறகு, பெரும்பாலும் இளைஞர்களுக்கு, இரண்டாவது ஊசி போட்ட சில நாள்களில் அரிதாக வந்ததுண்டு. அதை மறைப்பதற்கில்லை. அவர்களில் பெரும்பாலோர் விரைவில் தேறினார்கள். கோவிட் தொற்றால் இதயம் பாதிக்கப்படும் வாய்ப்பு பொதுவாக அதைவிட அதிகம்.

எம்.சி. முடிந்துவிட்டது, ஃபுட்சால் ஆடலாமா?

என்னைக் கேட்டால், முதலில் எழ வேண்டிய கேள்வி இதுதான். இரண்டு நாள் எம்.சி. காய்ச்சலுக்குத்தான், இதயத்துக்கு அல்ல. ‘வியர்த்தால் சரியாகிவிடும்’ என்று காய்ச்சலோடு கோர்ட்டில் இறங்குவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அழற்சி கண்ட தசையை விரட்டி வேலை வாங்கினால் துடிப்பின் லயம் தவறக்கூடும். விளையாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சரிவதற்கு அதுவும் ஒரு காரணம். மயோகார்டைட்டிஸ் உறுதியானவர்களைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் விளையாட்டிலிருந்து விலக்கிவைப்பார்கள். பத்துமலைப் படி ஏறுவதும் அதில் சேர்த்திதான். எப்போது ஏறலாம் என்பதை மறுபரிசோதனைக்குப் பின் இதய மருத்துவரே சொல்லட்டும்.