தீவில் கூடு கட்டும் பறவைகள்



நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு என்று பூகோளத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த நீர் பறவைகளுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை நேரில் கண்டறிதல் நன்று. இதன்பொருட்டு மாணவர் சிலருடன் நாடுகாணியிலிருந்து ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்கு ஒருநாள் சென்று வந்தேன். கூடலூர், முதுமலை, பந்திப்பூர், மைசூர் வழியாகச் செல்ல வேண்டும். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உண்டு. ஆதலால் பிரயாணத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

ரங்கனதிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரியில் அமைந்த சிறு தீவுகளின் கூட்டம். 17ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில், பாசனத்திற்காக ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பணையால் இத்திட்டுகள் உருவாயின என்பர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி இவற்றின் அருமையை எடுத்துரைக்க, 1940-இல் மைசூர் அரசு இவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது.

படகிலிருந்து பார்த்தால், மரக்கிளைகளில் மஞ்சள்மூக்கு நாரைகளும், கரண்டிவாயன்களும், நத்தைக்குத்தி நாரைகளும், நீர்க்காகங்களும் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன. இவற்றின் அலகுகளைக் கவனியுங்கள். கரண்டிவாயன் தன் அலகை நீரில் இருபுறமும் வீசி இரை தேடும். நத்தைக்குத்தி நாரையோ, நடுவே இடைவெளி உள்ள அலகால் நத்தையைப் பற்றி உண்ணும். உணவும் உண்ணும் முறையும் வேறுபடுவதால் அண்டை வீட்டாரிடையே பூசல் குறைகிறது.

நரியும் காட்டுப் பூனையும் நீரைக் கடந்து கூடுகளை அணுகுவது அரிது. பாறைகளில் வெயில் காயும் முதலைகளும் அத்தகைய விலங்குகளை அஞ்சச் செய்கின்றன. கிளையிலிருந்து தவறி விழும் குஞ்சு சில வேளைகளில் முதலைக்கு இரையாவதுண்டு. ஆயினும் கூட்டத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது.

ஆனால் காக்கும் நீரே அழிக்கவும் கூடும். ஆற்றின் மேற்புறம் கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கிறது. மழை மிகுந்து மதகுகளைத் திறக்கும்போது தாழ்ந்த கிளைகளிலுள்ள கூடுகள் மூழ்கிவிடும். ஆற்று ஆலா பாறை மீதும் மணல் மீதும் முட்டையிடும் பறவை; நீர் சிறிது உயர்ந்தாலும் அம்முட்டைகள் அடித்துச் செல்லப்படும். 2019 ஆகஸ்டு மாத வெள்ளத்தில் திட்டுகள் பல நீரில் ஆழ்ந்தன. அணையைக் காக்க நீரைத் திறந்தே ஆகவேண்டும். அதனைப் படிப்படியாகத் திறக்க இயலுமாயின், பல குஞ்சுகள் பிழைக்கும்.

நம் வேடந்தாங்கலில், ஏரி நீரில் நிற்கும் மரங்களே பறவைகளுக்குத் தீவுகள். அங்கே முதலைகள் காவல் புரியவில்லை. ஊர் மக்களே புரிந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வேட்டையாடுவோரைத் தடுக்கும் உரிமைப் பத்திரத்தை 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பெற்றார்கள்.

ஆகவே, எல்லை வகுத்துப் பெயர்ப்பலகை நாட்டினால் மட்டும் சரணாலயம் நிலைபெறாது. அணையில் மதகைத் திறப்பவரும், கரையில் வாழும் உழவரும், படகில் அமைதியாக அமர்ந்து பார்க்கும் நீங்களும் அதன் காவலர்களே.