போர்வெல் மோட்டார் தெரியும்... வாக்ஷீர் தெரியுமா?

2025 ஜனவரி 15. கொங்கு மண்டலத்தில் அன்று பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி ஊரே மும்முரமாக இருந்த அதே நாளில், மும்பை கடற்படைத் தளத்தில் மூன்று கலங்களைப் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். சூரத், நீலகிரி இரண்டும் போர்க்கப்பல்கள். மூன்றாவது, வாக்ஷீர் நீர்மூழ்கி.

நீலகிரி என்றதும் மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை வந்திருக்கும். நம் மலையின் பெயர்தான் அது. ஆனால், கோவைக்காரர்களுக்கு உண்மையில் நெருக்கமானது வாக்ஷீர்தான். ‘நீர்மூழ்கி’ என்ற சொல் இங்கே புதிதா என்ன? போர்வெல்லுக்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாரைச் செய்து நாடு முழுக்க அனுப்பும் ஊராயிற்றே!

கேபிள் இல்லாத மோட்டார்

டீசல் இன்ஜினை ஏன் போர்வெல்லுக்குள் இறக்குவதில்லை? காற்று இல்லாமல் அது ஓடாது. மின் மோட்டாருக்குக் காற்று வேண்டாம், மேலிருந்து கேபிள் வழியாகக் கரன்ட் வந்தால் போதும். வாக்ஷீருக்கும் இதே கதைதான். ஆனால், நடுக்கடலில் கேபிளுக்கு எங்கே போவது? கரன்ட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

67.5 மீட்டர் நீளமுள்ள இந்த வகைக் கலத்தில் 360 பேட்டரி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 750 கிலோ. மொத்தம் 270 டன்! மெதுவாகப் போனால் சில நாள் தாங்கும். முழு வேகம் எடுத்தால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அப்புறம் சார்ஜ் போட வேண்டும். அதற்கு டீசல் இன்ஜின் ஓட வேண்டும். இன்ஜினுக்குக் காற்று வேண்டும். எனவே கலம் மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே ஒரு குழாயை நீட்டிக் காற்றை இழுக்கிறது. ஆபத்தான நேரம் இதுதான். குழாய் ரேடாரில் சிக்கலாம், இன்ஜின் சத்தம் காட்டிக்கொடுக்கலாம். காற்றைவிடத் தண்ணீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் பாயும். ஆழ்கடலில் எதிரியைத் தேடுவதே காதால்தான். அதனால், சத்தம் குறைந்த நிரந்தரக் காந்த மோட்டார்தான் இதை ஓட்டுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க, வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தரும் எரிபொருள் செல் கருவியை டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியிருக்கிறது. அதைக் கல்வரி வகை நீர்மூழ்கிகளில் பொருத்த, வாக்ஷீர் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, 2024 டிசம்பர் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 1,990 கோடி ரூபாய்.

பெயர் வைக்கும் நாள்

கட்டும்போது இதன் பெயர் வெறும் ‘யார்டு 11880’. 2022 ஏப்ரலில் தண்ணீரில் இறங்கி, 2023 மே மாதம் கடல் சோதனையைத் தொடங்கியது. கேப்டன் ஆணையை வாசித்து, கடற்படைக் கொடி ஏறிய பிறகுதான் ‘ஐ.என்.எஸ்.’ என்ற மூன்றெழுத்து முன்னால் ஒட்டிக்கொள்ளும். வாக்ஷீர் என்பது இந்தியப் பெருங்கடலில் வாழும் ஒரு மீனின் பெயர். 1974 முதல் 1997 வரை பணியாற்றிய பழைய நீர்மூழ்கிக்கும் இதே பெயர்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற கதை!

பிரான்ஸ் தொழில்நுட்பத்தில், மும்பை மசகான் டாக் நிறுவனம் கட்டிய ஆறாவது கலம் இது. ஒப்பந்தம் போட்டது 2005-ல். முதல் கலமான கல்வரி வந்தது 2017 டிசம்பரில். ஆறாவதும் வந்து சேர இருபது வருஷம் ஆகிவிட்டது. வீடு கட்டி அலைந்தவர்களுக்கே இது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும்.

தாமதத்தைக் குறை சொல்லலாம். சோதனையைக் குறை சொல்ல முடியாது. 2013 ஆகஸ்ட் 14 அன்று, இதே மும்பை தளத்தில் நின்றிருந்த சிந்துரக்‌ஷக் நீர்மூழ்கி தீப்பிடித்து வெடித்ததில் 18 பேர் இறந்தார்கள். அதுவும் கரையோரத்தில், கூப்பிடு தூரத்தில் நின்றபோது.

பதில் வராத செய்தி

இந்தக் கலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். செல்போன் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் நுழையாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலை மட்டும் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும். அப்படி நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டத்தில், விஜயநாராயணத்தில் இருக்கிறது. 1990 முதல் இயங்கும் அதன் பெயர், ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

அந்த அலையில் பேச்சு போகாது. சுருக்கமான எழுத்துச் செய்திதான் போகும். கலத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. வேறு வழியில் சொன்னால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இந்த வகை நீர்மூழ்கி ஒரே மூச்சில் சுமார் 50 நாள் கடலில் இருக்கும். பட்டிப்பொங்கல் முடிந்து கிளம்பும் ஒருவர் வீட்டுக்குப் போன் போட, மாசியில் கோனியம்மன் தேர் ஓடும் சமயம் ஆகிவிடும்.